ஊரைக் கேட்காமல் ஊரைக் கலைக்க இவர்கள் யார்?

2024-ம் வருஷம் முடிந்து 2025 பிறக்கிற சமயத்தில் சென்னைக் கோட்டையிலிருந்து ஒரு கட்டு உத்தரவுகள் வெளிவந்தன. 16 கார்ப்பரேஷன்களை அகலப்படுத்த 149 கிராம ஊராட்சிகள். 41 முனிசிபாலிடிகளை அகலப்படுத்த 147 ஊராட்சிகள். இவை போக, 13 புதிய முனிசிபாலிடிகள், 25 புதிய பேரூராட்சிகள். எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 370 கிராமப் பஞ்சாயத்துக்களின் பெயர்ப் பலகையைக் கழற்றி வைப்பதற்கான ஏற்பாடு அது. இதற்கு அதிகாரிகள் வைத்த பெயர் நிர்வாக மறுசீரமைப்பு.

பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. கசாப்புக் கடைக்காரன் ஆட்டைப் பங்கு போடுவதற்கும் மறுசீரமைப்பு என்று பெயர் வைத்துவிடலாம். ஆட்டின் அபிப்பிராயத்தை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சேதி ஊருக்கு வந்ததும் ஜனங்கள் என்ன செய்தார்கள்? பொங்கல் பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்பே கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். நூறு நாள் வேலை அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாலையை மறித்தார்கள். 2025 ஜனவரி 26 கிராமசபையில் ஊருக்கு ஊர் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். "பட்டணவாசி ஆக்குகிறோம் என்றால் இவர்கள் ஏன் அழுகிறார்கள்?" என்று மேல்தட்டுக் கனவான்கள் சிலர் ஆச்சரியப்பட்டார்கள். நகரம் என்றால் முன்னேற்றம், கிராமம் என்றால் பின்தங்கல் என்று வாய்ப்பாடு படித்தவர்கள் அவர்கள். அந்த வாய்ப்பாட்டில் விவசாயத் தொழிலாளி வீட்டுக் கணக்கு இல்லை. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டுக் கணக்கு

கணவன் நூல் மில்லில் ஷிப்டு வேலை. மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். வருஷத்தில் பாதி நாள் வயலில் வேலை இராது. அந்த நாட்களில் அவளுக்குக் கை கொடுத்தது 2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம். 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. நூறு நாளும் எந்த ஊரில் முழுசாகக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அது தனிக் கதை. ஐம்பது நாள் என்றே வைத்துக்கொள்வோம். 16,800 ரூபாய். குழந்தையின் பள்ளிச் செலவு, மருந்துக் கடை பாக்கி, வட்டிக்காரனுக்குக் கட்டும் தவணை எல்லாம் அந்தப் பணத்தில்தான் அடங்கியது. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. "இந்தக் கூலிக்கு வராவிட்டால் போ, ஏரி வேலைக்குப் போய்க்கொள்கிறேன்" என்று பண்ணைக்காரன் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அவளுக்கு அந்த அட்டையிலிருந்து வந்தது.

இந்தச் சட்டத்தையே 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் மாற்றிவிட்டார்கள். 125 நாள் என்று ஏட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, செலவில் நூற்றுக்கு 40 பங்கை மாநில சர்க்காரின் தலையில் ஏற்றிவிட்டார்கள். கொடுக்கிற கையைக் கட்டிவிட்டு விருந்துக்கு அழைத்த கதைதான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும் கிராமப் பகுதிக்கு மட்டும்தான் அது செல்லும் என்பதே. ஊர் முனிசிபாலிடிக்குள் போன மறுநாள் அந்த அட்டை வெறும் காகிதம். பட்டணத்து ஏழைக்கும் வேலைத் திட்டம் உண்டே என்பார்கள். 2022-ல் சில நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் சோதனைக்காக ஒரு திட்டம் தொடங்கினார்கள். அது ஒரு ஸ்கீம், அவ்வளவுதான். சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமை அதில் கிடையாது.

அடுத்தது வீட்டு வரி. 2022-ல் நகர்ப்புறங்களில் ஆஸ்தி வரியை இடத்துக்கும் அளவுக்கும் தக்கபடி நூற்றுக்கு 25 முதல் 150 வரை உயர்த்தினார்கள். ஓட்டு வீட்டுக்கும் ஒட்டுத் திண்ணைக்கும் பஞ்சாயத்தில் கட்டிய வரி வேறு, அங்கே கட்ட வேண்டிய வரி வேறு. தண்ணீர் வரி, குப்பை வரி, பாதாளச் சாக்கடை வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு முன்பணம். மில் தொழிலாளி வாடகை லைன் வீட்டில் இருப்பவனாயிற்றே, அவனுக்கு என்ன என்று கேட்கலாம். வீட்டுக்காரன் கட்டும் வரியை மறுமாதம் யார் வாடகையில் ஏற்றுவான் என்று அந்தத் தொழிலாளியைக் கேட்டால் தெரியும்.

ஆதாயம் யாருக்கு?

ஏர் ஓட்டிய நிலம் பட்டண எல்லைக்குள் வந்துவிட்டால் அதற்கு வேறு விலை. பிளாட் போடுகிறவன் கல் நட்டுக் கயிறு கட்டிவிடுகிறான். குத்தகைக்குப் பயிர் செய்தவன் வெளியே போக வேண்டும். அங்கே நாற்று நட்ட கைகளுக்கு வேலை கிடையாது. ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் தரை, களம், சுடுகாட்டுப் பாதை இவற்றையெல்லாம் பஞ்சாயத்து இருக்கிற வரை ஊர் கூடிக் கேட்கலாம், தடுக்கலாம். முனிசிபாலிடிக்குள் போய்விட்டால் 30 வார்டில் ஒரு வார்டாக உட்கார்ந்துகொண்டு, கவுன்சிலர் வீட்டு வாசலில் மனுக் கொடுக்க வேண்டியதுதான்.

"பட்டணமானால் தார் ரோடு வரும், விளக்கு வரும், குழாய்த் தண்ணீர் வரும்" என்று சொல்கிறார்களே? வரட்டுமே! யார் வேண்டாம் என்றது? ஒன்று கேட்கிறோம். பட்டண எல்லைக்குள் ஏற்கனவே இருக்கிற சேரிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்கள் எந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள்? இத்தனை வருஷம் கார்ப்பரேஷனுக்குள் இருந்தவர்களுக்கே குழாய் போடாதவர்கள், பத்து மைலுக்கு அப்பால் இருப்பவனுக்குக் குழாய் போடத் துடிக்கிறார்களாம். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயை நமக்குத் தெரியும்.

இன்னொரு வாதமும் உண்டு, கொஞ்சம் படித்தவர்கள் பேசும் வாதம். "ஊர் உண்மையிலேயே வளர்ந்துவிட்டது. பாதிப் பேர் மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிறார்கள். பஞ்சாயத்தின் வருமானத்தில் இனி சமாளிக்க முடியாது." இதில் ஓரளவு உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. சில ஊர்கள் அப்படித்தான் ஆகியிருக்கின்றன. அரசியல் சட்டத்தின் 243-கியூ பிரிவும் இதைத்தான் பேசுகிறது. ஜனத்தொகை, ஜன நெருக்கம், வரி வருமானம், விவசாயமல்லாத வேலையில் இருப்போர் எத்தனை சதம் என்பவற்றையெல்லாம் பார்த்து கவர்னர் பெயரால் சர்க்கார் தீர்மானிக்கலாம் என்கிறது. கவனியுங்கள், மில் தோழர்களே! உங்களை வேலையிலிருந்து துரத்தும்போது ஒரு கணக்கிலும் சேர்க்காதவர்கள், ஊரைப் பட்டணமாக்க வேண்டும் என்றால் மட்டும் உங்கள் தலையை எண்ணுகிறார்கள். நீ மில்லுக்குப் போகிறாய், ஆகவே உன் மனைவிக்கு ஏரி வேலை கிடையாது!

அந்தப் பிரிவில் எல்லாம் இருக்கிறது. ஊர் சம்மதிக்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. உத்தேச அறிவிப்பு போடுவார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதித் தா என்பார்கள். எழுதிக் கொடுத்தால் வாங்கி ஃபைலில் கட்டுவார்கள். முடிவு எடுக்கிறவன் கோட்டையில் இருக்கிறான், முடிவைச் சுமக்கிறவள் குளத்தங்கரையில் இருக்கிறாள்.

இங்கிலாந்தில் 187 கையெழுத்து

நம் நாட்டுச் சட்டங்களுக்கெல்லாம் மூக்கும் முழியும் வரைந்து கொடுத்தவன் வெள்ளைக்காரன். அவன் ஊரில் சின்னக் கிராமத்தின் சபைக்கு பாரிஷ் கவுன்சில் என்று பெயர். அந்தக் கிராமத்து எல்லையையோ, சபையின் அமைப்பையோ மாற்ற வேண்டுமானால் என்ன முறை என்று பார்த்தோம். 2007-ல் இயற்றிய ஸ்தல ஸ்தாபனச் சட்டம் ஒன்று இருக்கிறது. 500 முதல் 2,500 வரை வாக்காளர் உள்ள பகுதியில் 250 பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் மேல் கவுன்சில் மறுபரிசீலனை நடத்தியே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. 2015-ல் அதையும் 187 கையெழுத்தாகக் குறைத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தப் பகுதி வாக்காளர்களிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டும். ஆக, இந்த ஏற்பாட்டைப் பரிசீலனை செய் என்று கேட்கும் உரிமை அங்கே கீழே இருப்பவனுக்கும் இருக்கிறது.

இங்கிலாந்து முதலாளித்துவத்துக்கு நாம் மாலை போடவில்லை. அங்கேயும் கடைசி வார்த்தை மேல் கவுன்சிலுடையதுதான். பல பாரிஷ்களில் போட்டியே இல்லாமல், நாலு பேர் சேர்ந்து ஐந்தாவது ஆளை நியமித்துக்கொண்டு காலந்தள்ளுகிறார்கள். ஆனால் இந்தக் கொஞ்ச உரிமையும் அங்கே சும்மா வந்ததல்ல என்பதைத்தான் சொல்ல வருகிறோம். 1894-க்கு முன்னால் இங்கிலாந்துக் கிராமத்தை ஆண்டது நிலப்பிரபுவும் பாதிரியாரும்தான். 1818-ம் வருஷச் சட்டப்படி சொத்துக்குத் தக்கபடி ஒரே ஆளுக்கு ஆறு வோட்டு வரை இருந்தது. சொத்தில்லாத உழவுக் கூலிக்குப் பேச்சுக் கிடையாது. 1872-ல் வார்விக்ஷையரில் ஜோசப் ஆர்ச் என்ற வேலி கட்டும் தொழிலாளி, ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் விவசாயக் கூலிகளைக் கூட்டிச் சங்கம் கட்டினார். 1884-ல் கிராமத் தொழிலாளர்களுக்கு வோட்டு வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1894-ல் பாரிஷ் கவுன்சில் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு சின்ன விதி இருந்தது, இன்றைக்கும் அங்கே அது இருக்கிறது. ஊர்க் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக் கூடாது! ஏன்? பகலில் கூட்டம் போட்டால் நிலப்பிரபு வருவான், பாதிரி வருவார், உழுகிறவன் வர முடியாது. 130 வருஷத்துக்கு முன் அங்கே உழைக்கிறவன் சங்கம் வைத்துத் தலை நிமிர்ந்தபோது சட்டத்தில் இறங்கிய விதி இது.

நம் ஊர் நிலை என்ன? வருஷத்தில் ஆறு கிராமசபை. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் நாலும் மில்லுக்கும் விடுமுறை. உலகத் தண்ணீர் தினம் என்று மார்ச் 22, உள்ளாட்சி தினம் என்று நவம்பர் 1, இவை இரண்டும் மில்லுக்கு விடுமுறை அல்ல. கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணி. மில்காரன் ஸ்பிண்டில் முன்னால் நிற்கிறான், கூலிப்பெண் சேற்றில் நிற்கிறாள். கூட்டத்தில் காண்டிராக்டரும் அவருடைய மைத்துனரும் நாற்காலியில் இருக்கிறார்கள். "கோரம் சரி, தீர்மானம் நிறைவேறிற்று." விடுமுறை நாளில்கூட ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு விவசாயத் தொழிலாளி வந்து உட்கார வேண்டும். அவருக்கு விடுமுறைச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

இருக்கிற பஞ்சாயத்து சொர்க்கமா?

இதைக் கேட்காமல் விட்டால் நாம் பாதி உண்மை பேசியவர்கள் ஆவோம். ஊரைப் பட்டணத்தோடு சேர்க்காதே என்று சொல்லும்போது, இருக்கிற பஞ்சாயத்து அப்படியே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. பண்ணையாரும் அந்தக் கோஷத்தைப் போடுகிறார், தெரியுமல்லவா? பஞ்சாயத்து அவர் பிடியில் இருக்கிற ஊரில் அவரும் "எங்கள் ஊரைத் தொடாதே" என்கிறார். அவருடைய ஊர் வேறு, நம்முடைய ஊர் வேறு. அவர் ஊரில் சேரி இல்லை.

1996 தேர்தலில் மதுரை ஜில்லா மேலவளவு தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஜாதி வெறியர்கள் தடுத்தார்கள், பெட்டியைத் தூக்கினார்கள், மிரட்டினார்கள். அதையெல்லாம் மீறித் தலைவராக வந்த முருகேசனையும் அவரோடு சென்றவர்களையும் 1997 ஜூன் 30-ல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நாலு ஊர்களிலும் பத்து வருஷம் தேர்தலே நடக்க விடவில்லை. யாராவது மனுத் தாக்கல் செய்தாலும் ஜெயித்த மறுநாளே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 2006-ல்தான் அந்த ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் ஆள் உட்கார முடிந்தது. இவை பழைய கதை என்று யாராவது சொன்னால், 2020-ல் கடலூர் ஜில்லாவில் தாழ்த்தப்பட்ட பெண் தலைவர் ஒருவரைத் தரையில் உட்கார வைத்து மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த படத்தை எடுத்துக் காட்டுங்கள். 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தன்று தாழ்த்தப்பட்ட தலைவர்கள் கொடி ஏற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. சுதந்திரத்துக்கு எழுபத்தைந்து வருஷம் ஆன தினம் அது!

நாற்காலி கொடுத்தாலும் சாவி கொடுப்பதில்லை. எப்படி என்று பாருங்கள். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. உபதலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு மெம்பர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொள்வார்கள். பஞ்சாயத்துப் பணத்தை எடுக்கத் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கண்ணியமான ஏற்பாடு போலத் தோன்றுகிறதா? தாழ்த்தப்பட்டவரோ பெண்ணோ தலைவராக வந்த ஊரில், ஆதிக்க ஜாதிக்காரர் ஒருவர் உபதலைவராக வந்து உட்கார்ந்துகொண்டு பேனா மூடியைத் திறக்க மறுத்தால் போதும். பைப்பு உடைந்தால் மாற்ற முடியாது. மோட்டார் ரிப்பேர் நிற்கும். தொட்டி இயக்குகிற ஆபரேட்டருக்குச் சம்பளம் போகாது. பிறகு அவர்களே, "பார்த்தாயா, இவர்களுக்கு நிர்வாகம் தெரியாது" என்பார்கள்.

அதற்கு மேலே கலெக்டர் இருக்கிறார். 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு, ஊர் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரைக் கலெக்டர் நீக்கலாம் என்கிறது. நோட்டீஸ், விளக்கம், தாசில்தார் கூட்டும் மெம்பர்கள் கூட்டம் என்று படிகள் உண்டு. ஆனால் முடிவு ஜனங்களிடம் இல்லை. திருடிய தலைவனை நீக்க வேண்டாமா? நீக்க வேண்டும்! தேர்ந்தெடுத்த கிராமசபையே நீக்கட்டும். மந்திரியைக் கலெக்டர் நீக்க முடியுமா? எம்.எல்.ஏ.வை நீக்க முடியுமா? கிராமத்தானின் பிரதிநிதி மட்டும் கலெக்டர் மேஜைக்கு முன்னால் கை கட்டி நிற்க வேண்டுமாம்.

ஏலம் விடுகிற விவகாரம் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. 2019-லும் 2021-லும் தலைவர் பதவியைக் கோயில் வாசலில் வைத்து லட்சக்கணக்கில் ஏலம் போட்ட சேதிகளைப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கோயிலுக்குத் தருமம் என்று அதற்குச் சாமி பெயரைத் துணைக்கு அழைத்தார்கள். போட்ட முதலை ஏலம் எடுத்தவன் எங்கே எடுப்பான் என்று சாமிக்கும் தெரியும்.

தேர்தலே இல்லாத ஜனநாயகம்

மேற்கூறிய நோய்களுக்கெல்லாம் மருந்து, ஜனங்கள் கையில் வோட்டுச் சீட்டைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான். கொடுத்தார்களா? 1970-ல் தேர்தல் நடத்தினார்கள். அடுத்தது 1986-ல். அதற்கு அடுத்தது 1996-ல். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்று 73-வது திருத்தத்தால் அரசியல் சட்டத்திலேயே எழுதிய பிறகாவது மாறினார்களா? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டில் ரத்தாகி, 2019 டிசம்பர் கடைசியில் 27 ஜில்லாக்களிலும், 2021 அக்டோபரில் மீதி 9 ஜில்லாக்களிலும் நடந்தது. நடுவில் மூன்று வருஷம், சில இடங்களில் ஐந்து வருஷம், தனி அலுவலர் ராஜ்யம். 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் வந்ததா? மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். அப்போது ஆண்டவர்களை இப்போது வந்தவர்கள் திட்டினார்கள். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே காரியத்தைச் செய்தார்கள். கொடிகளின் நிறம் வேறு, கிராமத்து ஏழையிடம் அவர்களுக்கு இருக்கும் அலட்சியம் ஒன்றுதான்.

இணைப்பு உத்தரவுகள் எப்போது வந்தன என்று இதோடு சேர்த்துப் பாருங்கள். தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துக்களின் ஆயுள் முடிகிற அதே வாரத்தில்! ஊருக்குத் தலைவன் இல்லாத வேளை பார்த்து ஊரின் எல்லைக் கல்லைப் பிடுங்கினார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கக் கூடாதல்லவா?

பட்டணத்தில் சேர்ந்த பிறகு யாரைக் கேட்பது? கிராமப் பஞ்சாயத்துத் தலைவரை ஜனங்கள் நேரடியாக வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-ல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் மேயரையும் சேர்மனையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்குக் கவுன்சிலர்களை எந்த விடுதியில் கொண்டுபோய் அடைத்து வைப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். கணக்கு கேட்கக் கிராமசபை கிடையாது. பகுதிச் சபை என்று ஒன்றை 2022 நவம்பரில் தொடங்கினார்கள். அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கேரளத்தைப் பார் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். 1996-ல் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கி, திட்டத்தை ஊர் கூடிப் போடு என்று சொல்லிற்று. அந்தப் பலம் இருந்ததனால்தான் 2003-ல் பெருமாட்டி என்ற சின்னக் கிராமப் பஞ்சாயத்து, நிலத்தடி நீரை உறிஞ்சிய கோக்கோ கோலா கம்பெனிக்கு லைசென்ஸ் தர மாட்டேன் என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது. அங்கே எல்லாம் குறையில்லாமல் நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதிகாரமும் பணமும் ஊருக்குப் போனால் உலகக் கம்பெனியும் பஞ்சாயத்து வாசலில் மனுவோடு நிற்க வேண்டி வரும் என்பதை அது காட்டிற்று. நம் ஊர் சாயப்பட்டறை முதலாளிகளுக்கும், மில் அதிபர்களுக்கும், பிளாட் வியாபாரிகளுக்கும் பஞ்சாயத்து ஏன் உறுத்துகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

நம் பக்கத்துக் குறை

நம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆயிரம் பேரைத் திரட்டுகிற நாம், கிராமசபையில் ஐம்பது பேரை உட்கார வைக்கச் சோம்பல் படுகிறோம். "அதெல்லாம் கண்துடைப்பு" என்று சொல்லி ஒதுங்குகிறோம். நாம் ஒதுங்கிய இடத்தில்தான் காண்டிராக்டர் உட்கார்ந்திருக்கிறான். மில் சங்கம் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறது. தொழிலாளி குடியிருக்கும் ஊரில் தண்ணீர் வராதது சங்கத்தின் விவகாரமில்லையா? வெளியூரிலிருந்து வந்து லைன் வீட்டில் இருக்கிறவர்களில் பலருக்கு அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரே கிடையாது. பெயர் இல்லாதவன் கிராமசபையில் கை தூக்க முடியாது. அந்தப் பெயரைச் சேர்க்கும் வேலையை யார் செய்வது?

இன்னொன்று. கிராமசபையில் கை தூக்கச் சொன்னால், கடன் கொடுத்தவனும் வேலை கொடுக்கிறவனும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தனி ஒரு கூலிப்பெண் கை தூக்க மாட்டாள். அவளைக் கோழை என்பது அநியாயம். பத்துப் பெண்கள் சேர்ந்து வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்தால் தூக்குவாள். ஊரின் அமைப்பை மாற்றும் கேள்வி வந்தால், கை தூக்கல் போதாது, பெட்டி வைத்து ரகசிய வோட்டு எடு என்றும் நாம் கேட்க வேண்டும்.

ஆகவே மறுபரிசீலனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மறுபரிசீலனை நடக்கட்டும்! கோட்டையில் நடக்க வேண்டாம், ஊரில் நடக்கட்டும். ஊரைச் சேர்ப்பதா, பிரிப்பதா, இரண்டு சின்ன ஊர்களை ஒன்றாக்குவதா, எதுவானாலும் அந்த ஊர் கிராமசபை சம்மதிக்காமல் செல்லாது என்று சட்டத்தைத் திருத்து. உபதலைவரின் கையெழுத்து வேலையை நிறுத்தும் ஆயுதமாவதைத் தடு. 205-வது பிரிவைக் கலெக்டர் கையிலிருந்து எடுத்துக் கிராமசபையிடம் கொடு. கூட்டத்தை மாலையில் வை. காலம் தவறாமல் தேர்தல் நடத்து.

வரப்போகிற கிராமசபைக்குப் போகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம். அத்தனை பேர் வராமல் நோட்டில் கையெழுத்து வாங்கினால் எழுந்து கேளுங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். "எங்கள் ஊரை எங்கள் சம்மதம் இல்லாமல் எந்த நகராட்சியோடும் சேர்க்கக் கூடாது" என்ற தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்லுங்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதின பிறகுதான் கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தின் நகலைச் செயலாளரிடம் கேட்டு வாங்கி, ஒரு பிரதியைச் சங்க ஆபீசுக்கு அனுப்பி வையுங்கள்.